பாதாம் கன்றில் ஒரு தையல்காரி

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு இன்று பைனாகுலர் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததிலிருந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறான். சாப்பிடும்போதும் கழற்றவில்லையாம். அவன் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் சொன்னாராம்: "மனசுக்கு இதமா எதையாவது பிடிச்சுக்கோங்க." வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் பம்ப் விற்றவன் எதைப் பிடிப்பான்? பறவைகளைப் பிடித்துக்கொண்டான். பாவம், பறவைகள்.

இன்று காலை என் தோட்டத்தில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா, இது ஒரு வாழிடம்" என்றான். இது தோட்டம். கீழ்வீடு எனக்கு, மாடி அவனுக்கு என்று அப்பா பிரித்துக் கொடுத்தபோது, "மண்ணு எதுக்கு, கொசுதான் வரும்" என்று சொன்னவன் இவன். எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் இத்தனை காலம் தண்ணீர் ஊற்றியவள் நான். இப்போது எனக்கே பாடம்.

மார்ச் 6, வெள்ளி

வெள்ளிதான் எனக்கு வார விடுமுறை. நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தால் சுத்தியல் சத்தம். கொய்யா மரத்தில் தானியம் போடும் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறான். பச்சைப் பிளாஸ்டிக்கில் குட்டி வீடு. அதற்கு ஓட்டுக் கூரை, அதன் கீழே வரைந்த ஜன்னல். குருவி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, "யாரு?" என்று கேட்குமோ?

மதியத்துக்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். முதலில் புறாக்கள். அப்புறம் அணில். சாயங்காலம் ஒரு பெருச்சாளி, நிதானமாக, பல நாள் பழக்கம் போல.

"வாழிடம் நல்லாப் பெருகுது" என்றேன். அவனுக்குக் கேலி புரியவில்லை. "ஆமாக்கா" என்கிறான், பெருமையாக!

மார்ச் 8, ஞாயிறு

பத்திரிகை ஆபீசுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. கிளம்பும் நேரத்தில் வாசலில் இரண்டு கார். தம்பி சேர்ந்திருக்கும் பறவை பார்க்கும் குழுவாம். எல்லோருக்கும் பச்சைச் சட்டை, பைகள் பல வைத்த கால்சட்டை. என் தோட்டத்தை ஒரு மூச்சில் சுற்றி வந்துவிடலாம். இவர்கள் உடையைப் பார்த்தால் ஒரு வாரம் காட்டில் தங்கப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறது.

தலைவர் ஒரு வரி ஆலோசகர். அவர் கேமராவின் லென்ஸ் என் கை நீளம். அதற்கும் ஒரு பச்சைச் சட்டை. பார்த்தவுடனே மனதுக்குள் பீரங்கி என்று பெயர் வைத்துவிட்டேன். கூட வந்த ஓர் அம்மாளுக்கு எதைக் கண்டாலும் "ஆஹா". கொடியில் காய்ந்த என் துண்டு காற்றில் அசைந்ததற்கும் ஒரு ஆஹா கிடைத்தது.

பீரங்கி தரையில் நடந்த மைனாவைப் பார்த்துவிட்டு, "வெறும் மைனா" என்றார். வெறும் மைனா! அது மஞ்சள் காலை எடுத்து வைத்து, வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரர் மாதிரி நடந்து போனது. அந்த நடைக்காகவே ஒரு மணி நேரம் நிற்கலாம். இவருக்கு யாரும் பார்க்காதது வேண்டுமாம்.

"மேடம், நீங்களும் பறவை பாப்பீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு வேலை இருக்கு சார்."

பொய்யில்லை. பாத்திரம் கழுவும்போது ஜன்னலுக்கு வெளியே நடப்பதெல்லாம் கண்ணில் படத்தான் செய்யும். அதற்குப் பெயர் பறவை பார்ப்பதா? அப்படியென்றால் பல் தேய்ப்பவனெல்லாம் பல் டாக்டர்.

மார்ச் 11, புதன்

தம்பி ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தான். எங்கள் ஞாயிறு இணைப்பில் போட வேண்டுமாம். தலைப்பு: 'என் தோட்டத்து இறகு விருந்தினர்கள்'. 'என்' என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவை எடுத்தேன். முதல் வரி: 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டும் அதிகாலை வேளையில்...' நான் வேலை செய்யும் பக்கத்தில் கதிரவனுக்குக் கை முளைக்க விட்டதே இல்லை. வரிக்கு வரி சிவப்பால் அடித்தேன். கடைசியில் மிஞ்சியது 'மைனா வந்தது' என்பது மட்டும். நல்ல வாக்கியம். அதை வட்டமிட்டுக் கொடுத்தேன்.

"பிரசுரமாகுமாக்கா?"

"மைனா வந்ததுங்கறது செய்தி இல்லடா."

சிரித்தான். சிரிப்பதற்கு முன்னால் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. நாற்பதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் பாராட்டு வேண்டியிருக்கிறது அவனுக்கு.

மார்ச் 14, சனி

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு பாதாம் கன்று தானாக முளைத்தது. வேர் சுவரைப் பிளந்துவிடும், வெட்டு வெட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னதாலேயே நான் வெட்டவில்லை. இப்போது என் தோள் உயரம். இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

காலையில் குழாயைத் திறந்துவிட்டு நிமிர்ந்தேன். ஓர் இலை தனியாக ஆடியது. காற்றே இல்லை. அடியில் ஒரு குருவி. குருவி என்று சொல்வதுகூட அதிகம், ஒரு எலுமிச்சம்பழத்துக்குச் செம்பட்டைத் தொப்பி போட்டு வாலை நிமிர்த்தி வைத்த மாதிரி. தையல்சிட்டு. இலையின் ஓரத்தில் அலகால் ஒரு குத்து. அப்புறம் இன்னொரு ஓரத்தில். வாயில் ஏதோ நூல். உள்ளே விட்டு வெளியே இழுத்து -

பாத்திரம் கழுவும் தொட்டி நிரம்பி என் பாதத்தில் விழுந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றும் தைக்கிறாள். ஆபீசுக்குத் தாமதம்.

மார்ச் 17, செவ்வாய்

நூல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. கிழிந்த தலையணை ஒன்றை வெயிலில் போட்டிருந்தேன். அதன் வாயிலிருந்து பஞ்சை இழுத்து இழுத்துக் கொண்டு போகிறாள். என் தலையணை! நான் படுத்து எழுந்த பஞ்சு இலையில் தையலாக இருக்கிறது. இதற்கு ஏன் எனக்கு இவ்வளவு பூரிப்பு? வெட்கமாக இருக்கிறது. தெருவில் யாராவது இப்படிச் சொன்னால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்திருப்பேன்.

பஞ்சை ஓட்டைக்குள் செருகி இந்தப் பக்கம் கொஞ்சம் பிரித்துவிடுகிறாள். அது பொத்தான் மாதிரி நின்றுகொள்கிறது. இழுத்தால் வராது. முடிச்சே இல்லாத தையல். ஒரு இடத்தில் இலை கிழிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து அதையே பார்த்தாள். பிறகு கிழிசலுக்குக் கீழே புதிதாக ஆரம்பித்தாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. எங்கள் ஆபீசில் ஒரு எழுத்துப் பிழைக்கு மூன்று பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

தலையணையை வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் கிழித்து வைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

விடுமுறை. காலை முழுவதும் ஜன்னலில். பின்னால் காலடிச் சத்தம்.

"என்னக்கா பாக்கற?"

"பாதாம் இலையில பூச்சி அரிச்சிருக்கு. மருந்தடிக்கணும்."

"பைனாகுலர் வேணுமா?"

"ஜன்னலுக்கு வெளியில இருக்கறதுக்கு எதுக்குடா பைனாகுலர்?"

போய்விட்டான். தூரத்தில் புறாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

மார்ச் 27, வெள்ளி

இலைக்குள் மூன்று முட்டை. அவள் எழுந்து போன சமயத்தில் வெளியே போய் எட்டிப் பார்த்தேன். நீலம் கலந்த வெள்ளை, செம்பழுப்புப் புள்ளி. உட்கார்ந்தால் வெளியே தெரிவது அலகும் வாலும் மட்டும்தான்.

சமையலறையில் குக்கர் வைப்பதை நிறுத்திவிட்டேன். விசில் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறாள். பாத்திரத்தில் வேகவைக்கிறேன். எவளாவது தோழி கேட்டால் என்ன சொல்வேன்? நல்லவேளை, எனக்குத் தோழிகள் குறைவு.

ஏப்ரல் 1, புதன்

கண்டுபிடித்துவிட்டான்.

மாடிக் குளியலறை ஜன்னலிலிருந்து நேராகப் பாதாம் கன்று தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பல் தேய்க்கும்போது பார்த்திருக்கிறான். வாயில் நுரையோடு ஓடிவந்தான்.

"அக்கா, உனக்குத் தெரியும்தானே?"

"எது?"

"பொய் சொல்லாத. தெரியும். பூச்சின்னு சொன்ன." நுரையைத் துப்பிவிட்டு வந்து நின்றான். "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன் கும்பலக் கூட்டிட்டு வருவ."

"வர மாட்டேன். சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நானும் இங்க வந்து பாக்கட்டுமா? சத்தம் போடாம இருக்கேன்."

பம்ப் விற்றவன் சத்தம் போடாமல் இருப்பானாம். சரி என்றேன். ஏன் சரி என்றேன்? அந்த நுரையோடு நின்ற முகம்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சை இரண்டாள் அளவுக்கு விடுகிறான். புதினா மிட்டாய் சப்புகிறான், அந்தச் சத்தம் எனக்குக் காதில் ஊசி. அவன் சொல்லும் பெயர்களெல்லாம் தப்பு. ஆண் சிட்டு வந்தபோது, "இதோ பொண்ணு" என்றான்.

ஆனால் ஒன்று. ஆண் சிட்டு கூட்டுக்கு நேராக வருவதே இல்லை என்பதை அவன்தான் சொன்னான். முதலில் எலுமிச்சையில் உட்காரும், பிறகு குழாய் மேல், பிறகு தரையில், யாரோ தொடர்ந்து வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே. இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பொரித்துவிட்டது. மூன்றும். ரோமம் இல்லாத, கண் திறக்காத, உலகத்திலேயே அசிங்கமான குழந்தைகள். மூன்று வாயும் திறந்தால் மூன்று மஞ்சள் பூ. என்ன அழகு!

இந்த வாக்கியத்தை எவனாவது எழுதி அனுப்பியிருந்தால் அடித்திருப்பேன். இருக்கட்டும், இது என் பக்கம்.

ஏப்ரல் 12, ஞாயிறு



இணைப்புப் பக்கம் சீக்கிரம் முடிந்தது, நல்ல வெயிலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. அவள் சத்தம் - இல்லை, போனில் பதிவு செய்த சத்தம். அதற்குப் பதில் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது நிஜக் குருவி. வாயில் புழு. குழாய்க்கும் எலுமிச்சைக்கும் மாறி மாறிப் பறக்கிறது, கூட்டுக்குப் போக வழியில்லை. அங்கே பீரங்கி நிற்கிறார். ஆஹா அம்மாள் நிற்கிறாள். பச்சைச் சட்டைகள் மொத்தமும் நிற்கின்றன.

கூட்டை மறைத்த இலைகளை என் துணிக் கிளிப்பால் மடக்கி வைத்திருந்தார்கள். மேலே குடை மாதிரி இருந்த பெரிய இலை தரையில் கிடந்தது. கத்தரியால் வெட்டிய காம்பு. கூடு வெட்ட வெயிலில், அம்மணமாக. போதாததற்கு ஒருவன் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து, இருக்கிற வெயிலையும் கூட்டுக்குள் திருப்பிக்கொண்டிருந்தான்.

அந்த ஒருவன் என் தம்பி.

"என்னடா பண்றீங்க?" என்றேன்.

"அக்கா, நீ எப்ப -"

பீரங்கி திரும்பக்கூட இல்லை. "ரெண்டே நிமிஷம் மேடம். தாய் உள்ள வர்ற ஷாட் மட்டும்தான் பாக்கி."

"அது வராது. நீங்க நிக்கற வரைக்கும் வராது."

"வரும் மேடம். பசிக்கிற குஞ்ச விட்டுட்டு எங்க போகும்? அதுதான் டெக்னிக்."

டெக்னிக்காம். அப்புறம் நான் யோசிக்கவில்லை. தோட்டத்துக் குழாயில் ரப்பர் டியூப் மாட்டியிருந்தது. முழுசாத் திறந்தேன். முதல் வீச்சு அவர் முதுகில. திரும்பினார் பாரு, அடுத்தது நேரா அந்தப் பீரங்கி வாயில.

"லென்ஸ்! லென்ஸ் மேடம்! அறிவிருக்கா உங்களுக்கு?"

"வெளிய போ! எல்லாரும் வெளிய போங்க!"

ஆஹா அம்மாள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டாள். எடுக்கத் திரும்பி வந்தாள், அவளுக்கும் கொஞ்சம் கிடைத்தது. இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

தம்பி அட்டையைப் பிடித்தபடியே நின்றான். "எல்லார் முன்னாடியும் என்ன அசிங்கப்படுத்திட்டக்கா."

"உன்ன அசிங்கப்படுத்த நான் வேணுமா?"

கிளிப்புகளை எடுத்தேன். வெட்டிய இலையை ஒட்டவைக்க முடியுமா? பழைய தலையணை உறையை இரண்டு குச்சியில் கட்டி நிழல் பண்ணிவிட்டு உள்ளே வந்து விளக்கைக்கூடப் போடாமல் நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தாள். எலுமிச்சை, குழாய், தரை, அப்புறம் உள்ளே. அந்தப் புழுவையே இன்னும் வாயில் வைத்திருந்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

கூட்டுக்குக் கீழே ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. எறும்பு வருவதற்குள் எடுத்துவிட்டேன். எடையே இல்லை.

பிழை திருத்திய பழைய தாள் ஒன்றில் வைத்து, மாடிப் படியில், அவன் காலையில் இறங்கும் இடத்தில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். பார்க்கட்டும். பிடித்துக்கொள்ளச் சொன்னாரே டாக்டர், இதைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

மாடியில் சத்தமே இல்லை. நல்லது.

ஏப்ரல் 15, புதன்

தம்பி மனைவி வந்தாள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்து வந்த களைப்பு. உட்காராமல் பேசினாள்.

"அண்ணி, அந்தக் குஞ்சப் படியில வெச்சது நீங்கதானே?"

"ஆமா."

"அத எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு அங்கயே உக்காந்திருந்தாரு. நான் வேலைக்குக் கிளம்பறப்பவும் அப்படியேதான். அவருக்கு இதயம் சரியில்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"குஞ்சுக்கு எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு."

அவள் ஜன்னல் வழியாக அந்தத் தலையணை உறையைப் பார்த்தாள். "அந்தக் கேமராக்காரரு படத்த நெட்ல போட்டுட்டாரு. எல்லாரும் அழகு அழகுன்னு எழுதியிருக்காங்க. இவரு அதுக்குக் கீழ நடந்தத எழுதினாரு. இலைய வெட்டினது, அட்டைய இவரே பிடிச்சது, குஞ்சு செத்தது, எல்லாம். இவரக் குழுவ விட்டுத் தூக்கிட்டாங்க."

"சத்தியம் பண்ணிட்டு ஏன் சொன்னானாம் அவங்ககிட்ட?"

"நானும் கேட்டேன். 'எங்க வீட்ல ஒரு கூடு இருக்குன்னு சொன்னேன், எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

திரும்பிப் பார்க்க ஆள் வேண்டுமாம். அதற்கு ஒரு உயிர்.

'யாருக்குத்தான் வேண்டாம்?' என்று எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். கிடக்கட்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

எப்படி எழுதுவது இதை? நடந்தபடியே எழுதுகிறேன்.

இரண்டு குஞ்சுகளும் நன்றாக வளர்ந்திருக்கின்றன. சத்தமும் வளர்ந்திருக்கிறது, அதுதான் வினை. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே மேலிருந்து ஒரு அலறல்: "ஏய்! ஏய்! போ! அக்கா! பூனைக்கா!"

அடுத்து டமால் என்று ஏதோ விழுந்தது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். சாம்பல் பூனை ஒன்று பாதாம் கன்றின் அடியில் பின்னங்காலில் நின்று, கூட்டை எட்டிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு சோப்புப் பெட்டி பறந்து வந்தது. பூனை அசையவில்லை. ஷாம்பூ பாட்டில். அதுவும் தவறிப்போய்ச் சுவரில் பட்டது. கடைசியாக, தண்ணீரோடு, பிளாஸ்டிக் மக். மக் நேராகப் பூனை முதுகில். பூனை எலுமிச்சையைத் தாண்டி, மதிலைத் தாண்டி, எங்கே போனதோ.

நான் பின்கதவைத் திறக்கும்போது அவன் வந்துவிட்டான். இடுப்பில் துண்டு, பாதி முகத்தில் சவர நுரை, செருப்பில்லை. மாடிப் படி முழுவதையும் எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. மூச்சு வாங்குகிறது.

"இருக்கா? ரெண்டும் இருக்கா?"

இலைக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு மஞ்சள் வாய்.

"இருக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சோப்புப் பெட்டிக்கும் ஷாம்பூவுக்கும் நடுவில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

"வலிக்குதாடா? டேய்! வலிக்குதா?"

"இல்லக்கா. ஓடி வந்ததுதான்." கொஞ்சம் மூச்சுவிட்டு, "தெனமும் மேலருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கீழ வரப் பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? நான் என்ன பூனையா?"

என்னைப் பார்த்தான். படியில் நான் வைத்தது எங்கள் இருவருக்கும் நடுவில் அப்போதும் கிடந்தது. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"எந்திரி. துண்டு அவுந்துறப் போவுது. பறவைங்க பாக்குதுங்க" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அது சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டும் இல்லை. நான் உள்ளே போய் டீ போட்டேன்.

ஏப்ரல் 18, சனி

காலையிலிருந்து பின்வாசலில் நாற்காலி போட்டு, மடியில் கோலோடு காவல். கோட்டையைக் காக்கிற தளபதி என்று நினைப்பு. பூனை வந்தால் முதலில் ஓடுவது இவனாகத்தான் இருக்கும்.

நான் ஆபீசிலிருந்து வரும்போதும் அங்கேயே இருந்தான். முகமெல்லாம் வெயிலில் கறுத்துவிட்டது. மதியம் சாப்பிட்டானா என்று நான் கேட்கவில்லை. அவன் மனைவிக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

பறந்தன. அதைப் பறத்தல் என்று சொல்வது பத்திரிகை தர்மத்துக்கு விரோதம். முதல் குஞ்சு கூட்டின் விளிம்பில் வந்து, இறக்கையை அடித்து, நேராக வாளியில் விழுந்தது. நல்லவேளை காலி வாளி. தம்பி எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"தூக்கி விடலாமே அக்கா?"

"உக்காருடா. அவ பாத்துப்பா."

அம்மாக்காரி வாளி விளிம்பில் வந்து நின்று போட்ட கூச்சல் இருக்கிறதே! திட்டித் திட்டியே வெளியே வரவழைத்துவிட்டாள். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டாவது புத்திசாலி. ஒரு தாவலில் எலுமிச்சை. அப்பாக்காரர் புழுவைத் தூரத்தில் காட்டிக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனார். எலுமிச்சையிலிருந்து கொய்யா, கொய்யாவிலிருந்து மதில். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் புதர். சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

தம்பி கைதட்டப் போய், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நான் என் கையையும் பார்த்தேன். அதுவும் தட்டத்தான் போயிருந்தது.

ஏப்ரல் 29, புதன்

இணைப்பு ஆசிரியர் பறவைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து முழுப்பக்கம் கேட்டார். பீரங்கியுடையது. 'தாய்மையின் தவிப்பு' என்று தலைப்பு வேறு. வாயில் புழு, விரிந்த கண். தவிப்புத்தான். எதனால் தவிப்பு என்று சொன்னேன், வெட்டிய இலை உட்பட. அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. "படம் நல்லாருக்கே" என்றார் இரண்டு முறை.

பக்கம் கட்டுவது என் பொறுப்பு, அந்த இடத்தில் மழைநீர் வடிகால் பற்றி ஒரு கட்டுரை போட்டேன். படிக்க யாரும் இல்லாத கட்டுரை. மனசுக்கு இதமாக இருந்தது.

ஜூன் 10, புதன்

ஆபீசில் பக்கம் முடிகிற நேரம். முதல் செய்திக்குத் தலைப்பு இன்னும் அமையவில்லை. போன் அடித்தது. தம்பி. ரகசியம் பேசுகிற குரல்.

"அக்கா, எலுமிச்சையில ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. இதுவரைக்கும் பாத்ததே இல்ல. என்னன்னு தெரியல. நீ வந்தா நல்லாருக்கும்."

"எனக்கு வேலை இருக்குடா."

"சரிக்கா." வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "யார்கிட்டயும் சொல்லல."

போனை வைத்தேன். தலைப்பைப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரரிடம் தாளை நீட்டி, "நீங்களே ஏதாவது வெச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு வாடகைக் கார் பிடித்தேன். ஒரு குருவிக்காக வாடகைக் கார்! டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அவசரமாம்மா? ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் போவதற்குள் அது போய்விட்டது. தம்பி எலுமிச்சைக்குக் கீழே முகம் தொங்கி நின்றான். கறுப்பாக இருந்ததாம், கழுத்தில் சாம்பல் இருந்ததாம், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததாம். அவன் வர்ணித்ததை வைத்துப் பார்த்தால் அது காக்கை. சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"ஒருவேளை திரும்ப வருமோ என்னவோ" என்றான்.

அவன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தான். அவன் மனைவி வேலையிலிருந்து வந்து, எங்களைப் பார்த்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டும் வரை இருந்தோம். ஒன்றும் வரவில்லை.